இரண்டு வாரக் கடன்

ஸ்ட்ராம்னெஸ் ஊர்க்கூடத்தில்
புதன்கிழமை பத்து மணிக்கு
பூப்பந்துக் கோடுகளின் மேல் மேசை போட்டு
பிள்ளை சுமக்கும் துணிகளைக் கடன் தருகிறார்கள்.
நூலகம் என்றுதான் பெயர்.
புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"முதலில் இவனைத் தூக்குங்கள்" என்று
தோரா என் கையில் திணித்தது
மணல் அடைத்த பொம்மை.
நாலரைக் கிலோ. கழுத்து நிற்காது.
பெயர் ஆல்ஃபியாம்.
எத்தனையோ அப்பன்கள் கைதவறிப் போட்டு
மூக்கு சப்பையாகிவிட்டது.
என் மகள் மெரன்
கார் கூடையில் தூங்கிக்கொண்டிருந்தாள்
இந்த ஒத்திகை எதுவும் தெரியாமல்.

வளையம் வைத்த துணியை முதலில் போட்டேன்.
அது ஒற்றைத் தோள் சமாச்சாரம்.
என் இடத்தோளோ
ஆறு வருடம் முன்பு
ஃபெர்ரியின் வடம் அறுந்து அடித்த தோள்.
எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை.
துணி சரிந்தது. ஆல்ஃபி சரிந்தான்.
என் பொறுமை அதற்கு முன்பே சரிந்திருந்தது.

அடுத்தது பக்கிள் வைத்தது.
மலையேறுகிறவன் பை மாதிரி ஒரு கம்பீரம்.
இரண்டு டக், வேலை முடிந்தது.
இதையே கொடுங்கள் என்றேன்.
தோரா பொம்மையின் கால்களைக் காட்டினாள்:
அடித்துணி அகலம் தாங்காமல்
இரண்டும் விறைத்து விரிந்து நின்றன.
"ஆறு மாதம் கழித்து வாருங்கள்.
இப்போதைக்கு இது உங்களுக்குச் சட்டை,
அவளுக்குச் சாக்கு."

பிறகு எடுத்தாள்
நாலரை மீட்டர் நெய்த துணி.
சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் இழை.
நடுவை நெஞ்சில் வை, முதுகில் குறுக்கே கொண்டுபோ,
பாரத்தை இரண்டு தோளும் பங்கிடட்டும்.
முட்டி உயர, பிட்டம் தாழ,
தவளை உட்காருவதுபோல் உட்காரட்டும்.
முதுகு வளைந்துதான் இருக்கும், நிமிர்த்தாதே.
முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே
இரண்டு விரல் நுழைய வேண்டும்.
குனிந்தால் உச்சியில் முத்தம் பட வேண்டும்.
படாவிட்டால் கட்டு தாழ்வு.

முடிச்சு மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்றேன்,
பதினான்கு வருடம் துறையில் வடம் பிடிப்பவன்.
போட்டேன்.
தோரா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.
"கப்பலைக் கட்டிவிட்டீர்கள்.
துணியை மொத்தமாக இழுக்கக் கூடாது,
இழை இழையாக இறுக்க வேண்டும்."
அவிழ்த்தேன். மூன்று முறை.
நெற்றியில் வியர்வை, வெளியே ஆலங்கட்டி மழை.

கடன் அட்டையில் எனக்கு முன்னால் ஏழு பெயர்கள்.
ஏன் திருப்பினீர்கள் என்று ஒரு கட்டம்.
நடக்க ஆரம்பித்துவிட்டான்.
என் முதுகு.
துவைத்தால் காய மூன்று நாள் ஆகிறது.
ஐந்தாவது பெயருக்கு எதிரே
தேதி மட்டும் இருந்தது, கட்டம் வெறுமை.
கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்த தேதி.
நிமிர்ந்து தோராவைப் பார்த்தேன்.
அவள் அந்த மஞ்சள் இழையை
விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்,
சுருக்கமே இல்லாத இடத்தில்.
நான் கேட்கவில்லை.

ஆல்ஃபியை இறக்கி மெரனை ஏற்றினோம்.
நாலு கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு.
இருந்தும் மணலைவிடக் கனம்.
மணல் நம்மேல் சாய்வதில்லை,
சட்டைப் பொத்தானை மோந்து பார்ப்பதில்லை.
ஒருமுறை முறுக்கினாள்,
வயதுக்கு மீறிய ஓர் ஏப்பம் விட்டாள்,
தூங்கிப்போனாள்.

கையெழுத்துப் போட்டேன். எட்டாவது பெயர்.
வீட்டில் இங்கா
பதினோரு நாளில் முதல்முறையாக
அசந்து தூங்குவாள், எழுப்பக் கூடாது.
துறை வரைக்கும் நடந்தேன்.
இரண்டு கையும் சும்மா இருந்தன.
என்ன செய்வதென்று தெரியாமல்
அவற்றைத் துணிக்கு மேலேயே வைத்துக்கொண்டேன்.

மீன்கடை திரும்பும் இடத்தில் நின்று குனிந்தேன்.
உதடு உச்சியில் பட்டது.
பத்தடி போய்
மறுபடியும் அளந்தேன்.